காபி கொடுக்கிற கை

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் முட்டையை அடுப்பில் வேகப்போட்டுவிட்டு, கைபேசியில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டேன். முட்டையின் மஞ்சள் கரு எனக்குக் கொஞ்சம் இளகி நிற்க வேண்டும். சென்னைக்குப் போய்க் கற்றுக்கொண்ட ஆடம்பரங்களில் இதுவும் ஒன்று. அம்மா எனக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எதிர்வீட்டு மருமகளின் சங்கதி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. கதை ஓடிய வேகத்துக்குப் பூண்டு ஓடவில்லை.

கைபேசி 'டிக்' என்றது. அவ்வளவுதான். அம்மாவின் முதுகு நிமிர்ந்தது. கதை பாதியில் நின்றது. கை ஓட ஆரம்பித்தது. பூண்டுத் தோல் என் கால்வரைக்கும் பறந்து வந்தது.

"அம்மா, அது முட்டைக்கு."

"தெரியும், தெரியும்."

"உன்ன அளக்கலம்மா."

"இன்னா இப்ப? நான் பாட்டுக்கு உரிக்கறேன், நீ பாட்டுக்கு அளந்துக்கோ."

முட்டை கல்லாக வெந்துவிட்டது. அடுப்பைப் பார்க்காமல் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூண்டு வாசனை எனக்குக் கம்பெனி பஸ்ஸின் வாசனை. எங்கள் ஊர் மாதனூர் பக்கம். ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு ஆட்களை ஏற்றிப்போக விடிந்ததும் பஸ் வந்துவிடும். உள்ளே ஏறினால் பூண்டுத் தொக்கு, தலையில் கனகாம்பரத்தோடு வைத்த மரிக்கொழுந்து, எல்லாவற்றுக்கும் அடியில் ஷூ ஒட்டுகிற சொல்யூஷனின் காரம். என் பள்ளிக்கூடம் அந்த வழியில்தான் இருந்தது என்பதால் அம்மா என்னையும் ஏற்றிவிடுவாள். டிரைவர் பார்த்தும் பார்க்காதவர்போல இருப்பார். எனக்குச் சீட்டு கிடையாது, மடிதான். பெரும்பாலும் சரோஜாக்காவின் மடி. கம்பெனியில் அம்மாவுக்குப் பக்கத்து மெஷின் சரோஜாக்காவுடையது. பஸ்ஸிலும் பக்கத்து சீட்டு. "இவ எலும்பு குத்துதுடி கஸ்தூரி, சோறு போடறியா இல்லியா?" என்று அம்மாவைத் தினமும் திட்டுவாள். திட்டிக்கொண்டே என்னை இழுத்து மடியில் வைத்துக்கொள்வாள்.

அந்த பஸ்ஸில் ஒரு சட்டம் உண்டு. வண்டி நிற்பதற்கு முன்பே ஜன்னல் வழியாகச் சாப்பாட்டுப் பையை உள்ளே போடுவார்கள். பை விழுந்த சீட்டு பைக்காரியுடையது. தோழியின் பையையும் வாங்கிப் பக்கத்தில் போடலாம். பை இருக்கிற இடத்தில் முதலாளியே வந்தாலும் உட்கார முடியாது. பட்டா நிலம் மாதிரி.

கம்பெனிக்குள்ளே இன்னொரு சட்டம் இருந்தது. அதை நான் கற்றுக்கொண்டது எங்கள் வீட்டுச் சமையலறையில்.

அம்மாவின் லைனில் ஷூவின் மேல்பாகத்தைத் தைப்பார்கள். புது மாடல் வந்தால், அதைத் தைக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளக்க ஒருவர் ஸ்டாப்வாட்சோடு வருவார். யாராவது ஒருத்தியின் பின்னால் நின்று அளப்பார். அவர் எழுதிக்கொண்டு போவதை வைத்துத்தான் ஒரு மணிக்கு இத்தனை ஜோடி என்று லைன் முழுவதற்கும் டார்கெட் போடுவார்கள். அந்த ஒருத்தி ஆசைப்பட்டு வேகம் காட்டிவிட்டால், மறுநாளிலிருந்து அத்தனை பேரும் நாள் முழுக்க அதே வேகத்தில் ஓட வேண்டும். அதனால் வாட்சுக்காரர் வாசலில் தெரிந்ததும் முதல் மெஷின்காரி கத்திரிக்கோலைத் தவறவிடுவதுபோலக் கீழே போடுவாள். உடனே லைன் முழுக்கக் கைகள் மாறிவிடும். ஒரு தரம் இழுக்கிற நூலை இரண்டு தரம் இழுப்பார்கள். தோலைக் கட்டைவிரலால் நீவி நீவிப் பார்ப்பார்கள். யாரும் சும்மா இருக்க மாட்டார்கள், ஆனால் எதுவும் சீக்கிரம் முடியாது. பெண் பார்க்க வந்தவர்களுக்குக் காபி எடுத்துப் போகிறவளின் கையைப் பார்த்திருப்பீர்கள். அந்த நிதானம், அந்தப் பணிவு, ஒரு சொட்டுச் சிந்தாத அந்தப் பொய். அதனால் அதற்குக் காபி கை என்றே பெயர்.

"அத்தன மெஷின் சத்தத்துல கத்திரி விழறது எப்டிமா கேக்கும்?" என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன்.

"கல்யாண வீட்டு மேளத்துல உன் புள்ள அழுதா உனக்குக் கேக்காதா? அப்டிதான்" என்றாள் அம்மா. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு.

ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு காபி கையை எங்களுக்கு நடித்துக் காட்டுவாள். தட்டில் தம்ளரை வைத்து, தலையைக் குனிந்து, அடிமேல் அடி வைத்து அடுப்படியிலிருந்து வருவாள். அப்பாதான் மாப்பிள்ளை வீட்டார். கடலைக் கொல்லையிலிருந்து வந்த களைப்பெல்லாம் போய், "பொண்ணு கொஞ்சம் மந்தமா இருக்குதே" என்பார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்து தண்ணீர் சிந்திவிடும்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனது நான்தான். அம்மாவுக்கு டார்கெட் போர்டில் இருக்கிற எண்கள் தெரியும், எழுத்துகள் தெரியாது. நான் வேலூர்க் கல்லூரியில் கணக்கு படித்து முடித்ததும், எந்த பஸ்ஸில் மடியில் உட்கார்ந்து போனேனோ அதே பஸ்ஸில், அதே கம்பெனிக்கு, பயிற்சி வேலைக்குப் போனேன். எந்தப் பிரிவு என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். கழுத்தில் கறுப்புக் கயிறு, கயிற்றில் ஸ்டாப்வாட்ச்.

முதல் நாளுக்காக அம்மா என்னை வேலூர் லாங் பஜாருக்குக் கூட்டிப்போய்ச் சுடிதார் துணி எடுத்தாள். கடைக்காரர் கேட்காமலே, "கம்பெனில நேரம் அளக்கற வேல. எல்லாருக்கும் நேரம் போடறது இவதான்" என்றாள். அவர் பயந்துபோய் விலையைக் கொஞ்சம் கம்மி பண்ணினார் என்பது அம்மாவின் நம்பிக்கை. எங்கள் பிரிவில் ஷூ போட வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். ஊர் உலகத்துக்கெல்லாம் ஷூ தைத்து அனுப்பிய வீட்டில் ஒருவர் காலிலும் அதுவரை ஷூ ஏறியதில்லை. குதிகால் உயர்ந்த அந்த ஷூவோடு தையல் ஹாலில் நான் நடந்த நடையை நினைத்தால் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது. ஏரிக்கரைச் சரிவில் ஆடு இறங்குவதுபோல இருந்திருக்கும். ஆனால் கழுத்தில் வாட்ச் ஆடிய பெருமையில் அன்றைக்கு எனக்கு மயில் நடையாகத்தான் தோன்றியது.

கேட்டுக்கு வெளியே நான் "வாடி". கேட்டுக்கு உள்ளே "வாங்க மேடம்". பஸ்ஸில் என் தலையில் பேன் பார்த்த சரோஜாக்காவும் உள்ளே போனதும் மேடம் என்பாள். அம்மாவும் அப்படித்தான். அதில் அவளுக்கு ஒரு தனி ருசி. தேவையே இல்லாமல், "மேடம், தண்ணி குடிச்சீங்களா?" என்பாள். ஒன்றிரண்டு மாதத்தில் என் கண்ணும் மாறிவிட்டது. கையை மட்டும் பார் என்று பயிற்சியில் சொல்லிச் சொல்லி, டீ நேரத்தில் முகத்தை வைத்து ஆளைச் சொல்லத் திணறினேன். ரம்ஜானுக்குப் பக்கத்து வீட்டில் வைத்துவிட்ட மருதாணியை, ஊசி ஏறிய தழும்பை, ஒடிந்த நகத்தை வைத்துத்தான் அடையாளம் தெரிந்தது.

ஒரு நாள், பெண்கள் போடுகிற கணுக்கால் உயர ஷூ ஒன்று புது மாடலாக வந்தது. எங்கள் பிரிவுத் தலைவரை எல்லாரும் வெறும் 'சார்' என்போம். அவர் என்னை அம்மாவின் லைனுக்கு அனுப்பினார். "மூணாவது மெஷின்ல இருக்கறவங்கள அளந்துட்டு வாம்மா."

மூன்றாவது மெஷின் அம்மாவுடையது. சாருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அவருக்கு மூன்றாவது மெஷின் மூன்றாவது மெஷின்தான்.

நான் உள்ளே போனதும் கத்திரிக்கோல் விழுந்தது. லைன் முழுக்கக் காபி கை. நான் அம்மாவின் பின்னால் போய் நின்றேன். அவள் திரும்பவில்லை. கழுத்து மட்டும் லேசாக நிமிர்ந்தது. வாட்சை அமுக்கினேன்.

அம்மாவின் கைகள் பறந்தன. நான் மிகைப்படுத்தவில்லை. ஒரு துண்டு ஊசிக்கு அடியில் போகும்போதே அடுத்த துண்டு விரலிடுக்கில் காத்திருந்தது. வளைவுகளில் தோல் தானாகத் திரும்பியது. நூல் எப்போது அறுந்தது, எப்போது அடுத்தது தொடங்கியது என்று கண்ணுக்குப் பிடிபடவில்லை. பக்கத்தில் சரோஜாக்கா தன் கத்திரிக்கோலைக் கீழே போட்டாள். எடுத்தாள். மறுபடி போட்டாள். மேளத்துக்கு நடுவில் பிள்ளை அழுவது கேட்கிற காதுக்கு அது கேட்கவே இல்லை. அந்த ஹாலில் எத்தனை மெஷின்கள் ஓடியிருக்கும்! என் நினைவில் அந்த நேரத்துக்குச் சத்தமே இல்லை.

பதினோராம் வகுப்பில் நான் மேடையேறிப் பரிசு வாங்கியபோது அம்மாவுக்குக் கம்பெனியில் லீவு கிடைக்கவில்லை. இப்போது நான் பார்க்க அவளுக்கு ஒரு மேடை கிடைத்திருந்தது, முதுகுப் பக்கமாக. என் பெண் அளக்கிறாள், நான் எப்படிப்பட்டவள் என்று அவள் பார்க்கட்டும் என்று அந்த முதுகு சொல்லியது. முடித்ததும் என் பக்கம் திரும்பி, மூச்சு வாங்க, "சரியா வந்துச்சா மேடம்?" என்றாள்.

மறுநாள் போர்டில் எண் ஏறியது. அன்றைக்குச் சாயங்காலம்வரை யாராலும் டார்கெட்டை எட்ட முடியவில்லை. அம்மாவாலும் முடியவில்லை.

நான் சாரிடம் போனேன். "சார், அது அவங்க எப்பவும் தைக்கற வேகம் இல்ல. நான் அவங்க பொண்ணு. அதனால..."

"பொண்ணா இருந்தா இன்னா? வாட்ச் பொய் சொல்லாதும்மா" என்றார்.

அன்று பஸ்ஸில் அம்மாவின் சீட்டில் ஒரு பை இருந்தது. சரோஜாக்காவின் பை. சரோஜாக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வழக்கமாக பஸ் ஆடுகிற பக்கமெல்லாம் ஆடிக்கொண்டு, பின் சீட்டோடு ஒரு வழக்கு, முன் சீட்டோடு ஒரு வழக்கு என்று வருகிறவள், அன்று கம்பியோடு கம்பியாக நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன். ஆம்பூரிலிருந்து மாதனூர் அவ்வளவு தூரம் என்று அதற்கு முன் எனக்குத் தெரியாது.

"இன்னாத்துக்குமா அப்டி தச்ச?" என்று வீட்டில் கேட்டேன்.

"நானா தச்சேன்? நீ பின்னாடி நின்ன. கை நிக்கல" என்றாள். அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

பேஜார் பண்ணிப் பண்ணி சாரைச் சம்மதிக்கவைத்தேன். ஒரே ஒரு தரம் மறுபடி அளக்கலாம், அதே ஆள், அதே மெஷின், அவரும் கூட இருப்பார். நாங்கள் வீட்டில் ஒத்திகை பார்த்தோம். அம்மா வெங்காயம் நறுக்க, நான் வாட்சோடு பின்னால் நிற்க, அப்பா மேற்பார்வை. "மெதுவா, மெதுவா" என்று அம்மா தனக்குத்தானே சொல்லிக்கொண்டே நறுக்குவாள். சொல்கிற வாய் மெதுவாகத்தான் சொல்லும். கத்தி பறக்கும். ஷூவைக் கழற்றிவிட்டு ஓசைப்படாமல் வந்து நின்றும் பார்த்தேன். "வந்துட்டியா?" என்பாள், கை பறக்கும். "கஸ்தூரி, நீ பொண்ணு பாக்கற காபி குடுக்கல, பந்தியில சாம்பார் ஊத்தற" என்றார் அப்பா. அந்த வாரம் வெங்காயச் சாம்பாராகவே சாப்பிட்டோம்.

மறு அளவைக்கு முன் சரோஜாக்காவும் ஒரு வழி கண்டுபிடித்தாள். சண்டை போட்டு மனசை உடைத்தால் கை தளரும் என்பது அவள் கணக்கு. நாங்கள் போய் நிற்பதற்குச் சற்று முன், "பொண்ணு கழுத்துல வாட்ச் தொங்கனா ஆத்தா எங்க கழுத்த அறுக்கறா" என்று ஆரம்பித்துவிட்டாள். அம்மாவுக்குக் கோபம் வந்தால் நடப்பது வேறு. முந்தின தடவையைவிட வேகமாகத் தைத்தாள். ஊசி உடையாதது ஆச்சரியம். சார் புருவத்தை உயர்த்தி, "டீ குடிச்சிட்டு இன்னொரு ரவுண்டு பாப்போம்" என்றார்.

அந்த டீ நேரத்தில் நடந்ததை நான் பிறகுதான் அறிந்தேன். அதற்குச் சில நாள் முன்னால் எனக்குச் சென்னையில் வேலை கிடைத்திருந்தது. சிநேகிதி கல்யாணம் என்று வீட்டில் சொல்லிவிட்டு நேர்காணலுக்குப் போய்வந்திருந்தேன். அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், நான் மடியில் உட்கார்ந்து வளர்ந்த சரோஜாக்காவிடம் மட்டும் சொல்லி வைத்திருந்தேன். டீத் தம்ளரோடு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தனியாக நிற்பதைப் பார்த்து அவள் பக்கத்தில் போயிருக்கிறாள். சமாதானம் பேசத்தான் போனேன் என்று பிறகு சத்தியம் செய்தாள். கோபத்தை விடு, உன் பெண் மெட்ராஸ் போகப் போகிறாள், இந்தப் பஞ்சாயத்தெல்லாம் அவளுக்கு எதற்கு என்று ஏதோ சொல்லப்போக, அது வெளியே வந்துவிட்டது.

"மெட்ராஸா?" என்றாளாம் அம்மா.

இரண்டாவது ரவுண்டுக்கு நான் பின்னால் நின்றபோது அம்மாவின் முதுகு நிமிரவில்லை. வாட்சை அமுக்கினேன். தோலை எடுத்தாள். ஊசிக்கு அடியில் வைத்தாள். மறுபடி வெளியே எடுத்து ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். தைத்தாள், நிறுத்தினாள், தைத்தாள். நான் காபி கை பார்த்து வளர்ந்தவள். அது இல்லை இது. காபி கையில் ஒரு கள்ளச் சிரிப்பு இருக்கும். இந்தக் கை, தூங்குகிற பிள்ளையின் தலைக்கு அடியிலிருந்து தன்னை உருவிக்கொள்கிற கைபோல நகர்ந்தது. பாதியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பாப்பா" என்றாள்.

அந்த ஹாலுக்குள் அம்மா அப்படிக் கூப்பிட்டது அன்றைக்கு மட்டும்தான். எனக்குக் காரணம் புரியவில்லை. மேடம் எங்கே போனாள் என்று திகைத்து நின்றேன்.

"பேசாம தைங்கம்மா" என்றார் சார். முடிந்ததும் என் கையிலிருந்த வாட்சைப் பார்த்துத் தலையாட்டினார். "ம். இதுதான் நார்மல் வேகம்."

போர்டில் எண் இறங்கியது. அதற்கு முன் எந்த மாடலுக்கும் அவ்வளவு கம்மியாக இருந்ததில்லை என்றார்கள்.

சாயங்காலம் பஸ்ஸின் ஜன்னல் வழியாக இரண்டு பைகள் விழுந்தன. சரோஜாக்கா அம்மாவை இழுத்து ஜன்னலோரம் தன் இடத்திலேயே உட்காரவைத்தாள். எனக்கு நடுவில் ஒடுங்கி உட்கார இடம் விட்டாள். வண்டி கிளம்பியது. அம்மா வெளியே பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எப்ப போற?"

நான் சரோஜாக்காவைப் பார்த்தேன். அவள் பஸ்ஸின் கூரையைப் பார்த்தாள்.

"இன்னும் சரின்னு சொல்லலம்மா. உன்ன கேட்டுட்டு..."

"கேக்கறதுக்கு இன்னா இருக்குது? இதுக்குத்தான படிக்க வச்சேன். போ. போய்ட்டு வா."

"இன்னிக்கு இன்னாமா கை அப்டி ஆயிடுச்சு?"

அம்மா கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டாள், யாருடையதோபோல. "தெரிலடி. அந்த ஜோடிய முடிச்சிட்டா நீ போய்டுவேன்னு இருந்துச்சு."

சரோஜாக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "நல்லா இருக்குதே இது! இனிமே புது மாடல் வந்தா இவள மெட்ராஸ் அனுப்பிச்சிருவோம்" என்றாள். முன் சீட்டும் பின் சீட்டும் சிரித்தன. அம்மாவும் சிரித்தாள். பஸ் ஆடிய பக்கம் ஆடினாள்.

இப்போது அந்த லைன் இல்லை. மெஷின்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள், அந்த ஹால் அட்டைப்பெட்டிகள் அடுக்குகிற கிடங்காகிவிட்டது. சரோஜாக்கா போன வருஷம் போய்விட்டாள். காரியத்துக்குப் போனபோது அந்த பஸ் பெண்களில் பாதிப் பேரை முகத்தை வைத்து அடையாளம் தெரியவில்லை. கும்பிட்டார்கள், கைகளைத் தெரிந்துகொண்டேன். அவர்களில் ஒருத்தியின் மகள் இப்போது வேறொரு கம்பெனியில் தைக்கிறாள். யாரும் வாட்சோடு பின்னால் வந்து நிற்பதில்லையாம். தலைக்கு மேல் கேமரா இருக்கிறது. கத்திரிக்கோலையெல்லாம் பாதுகாப்புக்காக மேஜையோடு கயிறு போட்டுக் கட்டிவிட்டார்களாம். தவறவிட்டாலும் கீழே விழாது.

"அப்போ யாராவது வர்றாங்கன்னா எப்டி சொல்லிக்குவீங்க?" என்று அந்தப் பெண்ணைக் கேட்டேன்.

"யாரு வர்றாங்க அக்கா? அது எப்பவும் மேலயேதான இருக்குது" என்றாள்.

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் சென்னைக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. காலையில் பறந்து பறந்து உரித்த பூண்டு தொக்காகியிருந்தது. அம்மா அதைப் பாட்டிலில் போட்டாள். மூடினாள். திறந்து உப்புப் பார்த்தாள். மூடி, பிளாஸ்டிக் பையில் சுற்றினாள். சுற்றியதைப் பிரித்து, வேறு பையில் சுற்றினாள். ரப்பர் பேண்ட் தேடப் போனாள். அப்பா வாசலில் வண்டியை உதைத்துவிட்டு, ரயிலுக்கு நேரமாச்சு என்று கத்தினார். நான் அம்மாவின் பின்னால் போய் நின்றேன். முடிச்சு ஒன்று விழுந்தது, அதன் மேல் இன்னொன்று, விரல்கள் மூன்றாவதைத் தொடங்கின.

"ரயில் லேட்டாம்மா" என்றேன். "மெதுவாவே கட்டு."

ரயில் அன்றைக்குச் சரியான நேரத்துக்கு வந்து போய்விட்டது.